எண்பது லட்சம் கொடுத்து ஹைப்ரிட் எஸ்யூவி: எந்த ரோட்டில் ஓட்டப் போகிறீர்கள்?

போன மாதம் திருப்பூரில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு எழுந்ததும் மச்சான் கார் கேட்லாக்குகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினான். எல்லாமே சொகுசு எஸ்யூவி, எல்லாவற்றிலும் ஹைப்ரிட் என்று போட்டிருந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏங்கண்ணு, இதுக்கு ராத்திரியில சார்ஜு போடோணுமா? பெட்ரோலும் ஊத்தோணும், கரண்டும் போடோணும்னா அது எதுக்கு?"

நல்ல கேள்வி. இவ்வளவு பெரிய தொகையைப் போடும் பல பேர் கேட்காமல் விடுகிற கேள்வியும் கூட. மாமாவிடம் அன்றைக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன், இதே யோசனையில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்கும் உதவட்டும் என்று.

முதலில் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஹைப்ரிட் என்றால் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த வண்டி. ஷோரூமில் இந்த ஒரே சொல்லை மூன்று வேறு வேறு வண்டிகளுக்குச் சொல்கிறார்கள். பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், வால்வோ எஸ்யூவிகளில் நம் ஊரில் அதிகம் விற்பது மைல்டு ஹைப்ரிட். அதில் 48 வோல்ட் பேட்டரியும் சின்ன மோட்டார் ஒன்றும் இருக்கும். சிக்னலில் நின்ற இன்ஜினைக் குலுங்காமல் எழுப்பிவிடும், கிளம்பும்போது ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான். அந்த மோட்டாரால் மட்டும் வண்டியை ஓட்ட முடியாது. டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ், லெக்ஸஸ் என்எக்ஸ் 350எச், ஆர்எக்ஸ் 350எச் போன்றவை ஸ்ட்ராங் ஹைப்ரிட். இவற்றில் மோட்டார் தனியாகவே வண்டியை இழுக்கும், இன்ஜின் தேவைப்படும்போது சேர்ந்துகொள்ளும். வெளியிலிருந்து சார்ஜ் போடத் தேவையில்லை, போடவும் முடியாது. மூன்றாவது பிளக்இன் ஹைப்ரிட். பேட்டரி பெரிதாக இருக்கும், வீட்டில் சார்ஜ் போட்டால் நாற்பது ஐம்பது கிலோமீட்டரோ அதற்கு மேலோ கரண்டிலேயே போகலாம். மாமா கேட்டது இந்த மூன்றாவது வகையைப் பற்றி. மச்சான் மனதில் இருந்தது இரண்டாவது. மேசையில் கிடந்த கேட்லாக்குகளில் இரண்டு முதல் வகை! அதனால் விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "இன்ஜின் ஓடாமல் மோட்டார் மட்டும் வண்டியை நகர்த்துமா?"

ஸ்ட்ராங் ஹைப்ரிட் எப்படி ஓடுகிறது என்பதைக் கொங்கு நாட்டுக்காரருக்கு விளக்குவது சுலபம். மோட்டாரோடு வளர்ந்த ஊர் நம்முடையது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்ட ஜி.டி. நாயுடுவின் கோவைத் தொழிற்சாலையிலிருந்துதான் 1937இல் இந்தியாவில் செய்த முதல் மின் மோட்டார் வெளிவந்தது. இன்றும் கிணற்று மோட்டார் எப்படிக் கிளம்புகிறது என்று சின்னப் பையனுக்கும் தெரியும். சுவிட்சைப் போட்ட நொடியிலேயே அது முழு இழுவையோடு எழும். பெட்ரோல் இன்ஜினுக்கு அந்தக் குணம் கிடையாது, சுற்று ஏற ஏறத்தான் அதற்குப் பலம் வரும். நின்ற இடத்திலிருந்து இரண்டு டன் வண்டியைக் கிளப்பும்போதுதான் இன்ஜின் அதிகமாகப் பெட்ரோலைக் குடிக்கும். அந்த வேலையை ஹைப்ரிட்டில் மோட்டார் எடுத்துக்கொள்கிறது. பிரேக் போடும்போது அதே மோட்டாரைச் சக்கரம் சுழற்றும், அப்போது அது ஜெனரேட்டராகிப் பேட்டரிக்குக் கரண்டு அனுப்பும். சாதாரண வண்டியில் பிரேக் பேடில் சூடாகி வீணாகிற சக்தி இது.

இன்ஜினும் கொஞ்சம் வேறு மாதிரி. அட்கின்சன் முறை என்பார்கள். உறிஞ்சும் வால்வைத் தாமதமாக மூடுவதால், அமுக்கும் தூரத்தைவிட விரியும் தூரம் நீளமாகிறது. ஒவ்வொரு சொட்டுப் பெட்ரோலிலிருந்தும் கூடுதல் வேலை வாங்கலாம். ஆனால் குறைந்த வேகத்தில் இழுவை கம்மி. அந்தக் குறையை மோட்டார் நிரப்பிவிடுகிறது. இரண்டையும் ஒரு கியர் தொகுப்பு இணைக்கிறது. கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. தேய்கிற பாகங்கள் குறைவு. 1997இல் டொயோட்டா பிரியஸில் வந்த ஏற்பாட்டின் வளர்ந்த வடிவம்தான் இது. 2005இல் லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 400எச் வழியாகச் சொகுசு எஸ்யூவிக்கும் வந்துவிட்டது. சோதனையில் இருக்கிற புதுச் சரக்கு என்று யாரும் பயப்பட வேண்டாம்.

'தானே சார்ஜ் ஆகும் கார்' என்று விளம்பரத்தில் சொல்வதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கரண்டு எல்லாமே கடைசியில் நாம் ஊற்றுகிற பெட்ரோலில் இருந்து வருவதுதான். வீணாகப் போக இருந்ததை மிச்சம் பிடித்துத் தருகிறது, அதுவே அதன் கெட்டிக்காரத்தனம்.

ஆகவே எல்லாம் ரோட்டைப் பொறுத்தது. நானும் மச்சானும் ஒரு சாயங்காலம் அம்மிச்சியையும் (அம்மாவின் அம்மா) ஏற்றிக்கொண்டு ஸ்ட்ராங் ஹைப்ரிட் வண்டி ஒன்றை டெஸ்ட் டிரைவ் எடுத்தோம். கம்பெனி விடும் நேரம். திருப்பூர் புஷ்பா தியேட்டர் ஸ்டாப் பக்கம் பனியன் கம்பெனி வேன்களும் டூவீலர்களும் அடைத்துக்கொண்டு நின்றன. அடி அடியாக நகர்ந்த அந்த அரைமணி நேரத்தில் பாதிக்கு மேல் இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. டாஷ்போர்டில் இவி என்ற பச்சை எழுத்து எரிந்துகொண்டே இருந்தது. ஏசி ஓடியது, வெளியே ஹாரன் அடித்தது, வண்டிக்குள் அம்மிச்சி மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அவருக்கு முட்டி வலி. சாதாரணமாக இந்த நெரிசலில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் முனகுவார், அன்றைக்குத் தூங்கிவிட்டார். ஹைப்ரிட்டின் முழுப் பலனும் இந்த மாதிரி நெரிசலில்தான் தெரியும்.

அதே வண்டி அவிநாசி தாண்டிச் சேலம் பைபாஸில் ஏறி நூறில் போனால் கதை மாறுகிறது. பிரேக் போடுவதே இல்லை என்றால் பேட்டரிக்குத் திரும்பி வருவதற்கு ஒன்றும் இல்லை. அங்கே இன்ஜின்தான் வேலை செய்கிறது, நல்ல டீசல் வண்டி ஏறக்குறைய சமமாகவே வந்து நிற்கும். கோவைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: 2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்துவிட்டார்கள், அதற்கும் ஜி.டி. நாயுடு பெயர்தான். தினமும் அவிநாசி ரோட்டில் சிக்னல் சிக்னலாக நின்று போனவர் இப்போது மேலே ஏறிப் போய்விடுகிறார் என்றால், அவருடைய ஹைப்ரிட் கணக்கும் கொஞ்சம் இளைத்துப்போகும்.

மலை ரோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நமக்கு ஊட்டி, வால்பாறை, ஏற்காடு எல்லாம் அடுத்த வீடு மாதிரி. இறக்கத்தில் பிரேக்கே போட்டு வருகிறோமே, பேட்டரி நன்றாக ஏறிவிடும் என்று நினைப்போம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,900 மீட்டர். இரண்டு டன் வண்டி அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவரும் சக்தி சுமார் 10 யூனிட். டயரும் காற்றும் தின்றது போக, பாதி மிஞ்சினாலும் 5 யூனிட். ஸ்ட்ராங் ஹைப்ரிட் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே ஒன்று, ஒன்றரை யூனிட்தான், அதிலும் ஒரு பகுதியைத்தான் வண்டி பயன்படுத்தும். குன்னூர் தாண்டிச் சில வளைவுகளிலேயே பேட்டரி நிறைந்துவிடும். அப்புறம் வண்டி தானாகவே இன்ஜினைச் சுழற்றி வேகத்தைப் பிடித்து வைக்கும். ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, இன்ஜின் மட்டும் உறுமும். வண்டி கெட்டுவிட்டதென்று பயந்து ஓரங்கட்டுகிறவர்கள் உண்டு. கெடவில்லை, பிரேக்கைக் காப்பாற்ற அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். கியரில் 'B' என்ற இடம் உள்ள வண்டியில் (பார்க்கிங்குக்கான 'P' அல்ல) அதற்குத் தள்ளினால் நாமே இதைச் செய்துகொள்ளலாம். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி ஏறும்போது இதற்கு நேர் எதிர். அழுத்தி மிதித்தால் சத்தம் முன்னால் ஓடும், வேகம் பின்னால் வரும். டீசல் வண்டியின் இழுவைக்குப் பழகியவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். மலைக்கு அடிக்கடி போகிற குடும்பம் டெஸ்ட் டிரைவை மலையடிவாரம் வரைக்காவது கேட்டு வாங்க வேண்டும்.

இனி பணம். மச்சானுடைய முதல் வாதமே "மைலேஜ் மிச்சமாகும்" என்பதுதான். பேப்பர் எடுத்து எழுதினோம். வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டம், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். சாதாரணப் பெட்ரோல் சொகுசு எஸ்யூவி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் செலவு ஒன்றரை லட்சம். ஹைப்ரிட் 15 கொடுத்தால் ஒரு லட்சம். மிச்சம் வருஷத்துக்கு 50,000 ரூபாய்.

இப்போது மறுபக்கம். ஷோரூம் விலை 70 லட்சம் என்றால், தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம், 2023 நவம்பரிலிருந்து. ஆக 14 லட்சம். பெட்ரோலில் மிச்சம் பிடித்து இந்த வரியை மட்டும் ஈடுகட்டவே இருபத்தெட்டு வருஷம் ஆகும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டி என்பதால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இன்சூரன்ஸும் சேர்ந்தால் ஆன்ரோடு விலை 85 லட்சத்தைத் தாண்டிவிடும். இதில் 50 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை ஒரு லட்சத்து நாலாயிரம் ரூபாய்க்குப் பக்கம். முதல் மாத வட்டி மட்டுமே 37,500. வருஷம் முழுக்கப் பெட்ரோலில் மிச்சம் பிடித்ததில் முக்கால் பங்கு ஒரு மாத வட்டியில் போய்விட்டது. மச்சான் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

ஒரு காலத்தில் ஹைப்ரிட்டுக்கு வரியிலும் கொஞ்சம் சலுகை இருந்தது. பெரிய எஸ்யூவிக்கு செஸ் சேர்த்து 50 சதவீதம், ஹைப்ரிட்டுக்கு 43. 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு பெரிய வண்டி எல்லாவற்றுக்கும் ஒரே 40 சதவீத ஜிஎஸ்டி. ஹைப்ரிட் என்பதற்காகத் தனிச் சலுகை எதுவும் இல்லை. உத்தரப் பிரதேசம் 2024இல் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்ததைச் சிலர் படித்துவிட்டு இங்கேயும் உண்டு என்று நினைக்கிறார்கள், அது அந்த மாநிலத்தோடு சரி. முழு மின்சாரக் காருக்கு மட்டும் ஜிஎஸ்டி 5 சதவீதம், தமிழ்நாடு சாலை வரியிலும் விலக்குக் கொடுத்து வந்திருக்கிறது. வரிக்கு முன்னால் 50 லட்சம் மதிப்புள்ள ஹைப்ரிட், ஜிஎஸ்டியும் சாலை வரியும் சேர்ந்து 84 லட்சமாகிறது. அதே மதிப்புள்ள மின்சாரக் கார், சாலை வரி விலக்கு இருந்தால் 52.5 லட்சத்தில் நின்றுவிடும். வீட்டில் ஏற்கனவே இரண்டாவது வண்டி இருக்கிறது, ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள்தான் என்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் ஹைப்ரிட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கம்பெனிப் பெயரில் வாங்கினால் ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும் என்று திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் பேச்சு அடிபடுகிறது. கிடைக்காது. பயணிகள் காருக்கு உள்ளீட்டு வரிக் கழிவைச் சட்டமே தடுத்திருக்கிறது. கார் விற்பவர், பயணிகளை ஏற்றும் தொழில் செய்பவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர் போன்றோருக்குத்தான் விலக்கு. வருமான வரியில் வருஷத்துக்கு 15 சதவீதத் தேய்மானம் கழிக்கலாம், அது உண்மை. அதையும் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிளக்இன் வாங்க நினைக்கும் தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்து இலவச மின்சாரம் பாசனத்துக்குக் கொடுத்தது. அதில் கார் சார்ஜ் போடக் கூடாது, வீட்டு சர்வீஸில்தான் போட வேண்டும்.

பேட்டரி பயம் எல்லோருக்கும் இருக்கிறது. டொயோட்டா, லெக்ஸஸ் இரண்டும் இங்கே ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. போனில் நாம் செய்வது போலப் பேட்டரியை முழுசாக ஏற்றுவதும் முழுசாக வடிப்பதும் இந்த வண்டிகளில் நடப்பதில்லை, நடுவிலேயே வைத்துக்கொள்ளும், அதனால் நீண்டநாள் உழைக்கிறது. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. பல மாடல்களில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கும், அதைக் குளிர்விக்க சீட்டுக்குக் கீழே ஒரு காற்று வழியும் அதற்குள் ஒரு வலையும் வைத்திருப்பார்கள். திருப்பூரில் ஒரு நண்பருடைய ஹைப்ரிட் காரில் அந்த மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வலை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பஞ்சுத்தூசி ஒரு மெத்தை மாதிரி படிந்து கிடந்தது. விரலால் தொட்டால் அப்படியே துணி போல உரிந்து வந்தது. கம்பெனியில் இருந்து நேராக வந்து வண்டியில் ஏறினால் சட்டையோடு பஞ்சும் ஏறத்தானே செய்யும். காற்று அடைபட்டால் பேட்டரி சூடாகும், சூடானால் ஆயுள் குறையும். பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் நார் மில் வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லை வரும். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் அந்த வலையைச் சுத்தம் செய்யச் சொல்லி ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். அந்தக் காற்று வழியை மறைத்துச் சாக்கையோ பையையோ வைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் தேங்குவது கோவைக்காரர்களுக்குத் தெரியும். சொகுசு எஸ்யூவி உயரமாக இருக்கிறதே என்று அதில் இறக்கிவிடக் கூடாது. இன்ஜினுக்கு ஒரு கேடு, ஹைப்ரிட் பாகங்களுக்கு இன்னொரு கேடு. வெள்ளச் சேதத்துக்கும் ஹைப்ரிட் பாகங்களுக்கும் இன்சூரன்ஸில் என்ன உண்டு என்பதைப் பாலிசியை வாசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பையனைப் பார்க்க வெளிநாடு போய் இரண்டு மூன்று மாதம் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள், உள்ளே இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடாமல் பக்கத்து வீட்டில் யாரையாவது வாரம் ஒருமுறை வண்டியை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் வைக்கச் சொல்ல வேண்டும். பெரிய பேட்டரியில் சக்தி இருந்தாலும், சின்னது செத்துப்போனால் வண்டி எழாது.

சர்வீஸ் எவ்வளவு தூரம் என்பதும் பெரிய விஷயம். டொயோட்டா ஒர்க்‌ஷாப் கோவை, ஈரோடு, சேலத்தில் உண்டு. சொகுசு கம்பெனிகளுக்கு அப்படிப் பரவலாகக் கிடையாது. தாராபுரத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு நாளை இழக்க முடியுமா என்று யோசிக்க வேண்டும். 20, 21 அங்குலச் சக்கரத்துக்கான டயரும் பக்கத்து டவுனில் உடனே கிடைக்கிற சரக்கு இல்லை.

இவ்வளவு பேசியும் எங்கள் வீட்டில் முடிவைத் திருப்பியது இட்டேரிதான், வேலிகளுக்கு நடுவே போகும் ஒடுக்கமான தோட்டத்துப் பாதை. மாமாவின் தோட்டம் காங்கேயத்துக்குத் தெற்கே, கொறங்காடுகளுக்கு (மேய்ச்சல் நிலங்களுக்கு) நடுவில். தார் ரோட்டிலிருந்து சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) போக இருபுறமும் கிளுவை வேலி போட்ட இட்டேரி. இப்போதிருக்கும் இன்னோவா க்ரிஸ்டாவின் அகலம் 1,830 மில்லிமீட்டர். அது போகும்போதே கிளுவைக் கொம்பு கண்ணாடியில் தட்டும், இரண்டு கதவிலும் கோடு விழுந்திருக்கிறது. மச்சான் ஆசைப்பட்ட ஆர்எக்ஸ் 1,920 மில்லிமீட்டர். ஒன்பது சென்டிமீட்டர் அதிகம். மாமா கையால் அளந்து காட்டினார், "இத்தனை வேலிய வெட்டோணும்" என்று. அது பங்காளியோடு பொதுவான வேலி. காருக்காக அதை வெட்டப் போய்ப் பேச்சு வளர்ப்பதில் மாமாவுக்கு இஷ்டமில்லை.

அப்புறம் ஆள் கணக்கு. மாமா, அத்தை, அம்மிச்சி, மச்சான், அவன் மனைவி, இரண்டு குழந்தைகள். ஏழு பேர். குலதெய்வம் கோயிலுக்கோ ஒறம்பரை (உறவுக்காரர்) வீட்டு விசேஷத்துக்கோ போனால் ஏழு பேரும் ஒரே வண்டியில்தான் போவார்கள். என்எக்ஸ், ஆர்எக்ஸ் இரண்டுமே இங்கே ஐந்து பேருக்கான வண்டிகள். எண்பது தொண்ணூறு லட்சம் கொடுத்துவிட்டு அம்மிச்சியை இன்னொரு வண்டியில் வரச் சொல்வதா என்று அத்தை கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

என் கருத்தைக் கேட்டபோது இதைச் சொன்னேன். தினமும் நெரிசலில் ஓட்டம், வீட்டில் நாலைந்து பேர், கடன் இல்லாமல் கையிலிருக்கும் பணம், பக்கத்தில் ஒர்க்‌ஷாப் என்றால், சொகுசு ஹைப்ரிட்டைத் தாராளமாக வாங்கலாம். அந்த அமைதிக்கும் சொகுசுக்கும் விலை கொடுக்கிறோம் என்று தெரிந்தே வாங்க வேண்டும், பெட்ரோல் மிச்சம் என்பதைக் காரணமாகச் சொல்லக் கூடாது. மாமா வீட்டில் நெரிசல் ஓட்டம் இருக்கிறது, மற்றவை எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. முப்பது லட்சத்தை ஒட்டிய விலையில் ஏழு பேர் உட்காரும் ஹைகிராஸிலும் அதே ஸ்ட்ராங் ஹைப்ரிட்தான் இருக்கிறது. கம்பெனிக் கணக்கு லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர், ஓட்டுகிறவர்கள் 16, 17 என்கிறார்கள். சொகுசு கொஞ்சம் குறையும், அதை மறைக்கவில்லை.

மச்சானுக்கு முகம் வாடித்தான் போனது. மாமா கேட்லாக்குகளை அடுக்கி அவன் கையிலேயே கொடுத்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் ஷோரூமுக்குப் போகிறார்கள். அம்மிச்சியை நடு சீட்டிலும் பின் சீட்டிலும் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அட்வான்ஸ் செக் மாமா பையில்தான் இருக்கும், அம்மிச்சி சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போடுவாராம்.